தேடுபொறியைத் தேர்ந்தெடுத்தவர் யார்?

கீழ்பென்னாத்தூர்க் கடைவீதியில், திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் போய்வரும் பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே, புதிய கைபேசி ஒன்றை வாங்குகிற விவசாயிக்கு அதை இயக்கிவைத்துத் தருகிறவர் பெரும்பாலும் கடையில் நிற்கிற இளைஞரே. சிம் கார்டைச் செருகி, பழைய போனில் இருந்த எண்களை மாற்றி, ஜிமெயில் கணக்கு ஒன்றைத் திறந்து, அடுத்தடுத்து எழும் திரைகளில் கேட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் வாங்க வந்தவரின் சார்பில் தாமே சம்மதம் தெரிவித்து, வாட்ஸ்அப்பும் யூடியூபும் ஓடுகின்றனவா என்றும் பார்த்து, அவர் அந்தக் கருவியை உரியவரின் கையில் கொடுக்கிறபோது, அதைக் குறித்த முக்கியமான தீர்மானங்கள் பலவும் முடிந்துபோயிருக்கின்றன. மணிலாக் கடலைக்கு இன்றைக்கு என்ன விலை, பௌர்ணமி கிரிவலத்துக்கு உகந்த நேரம் எப்போது, மகளின் தேர்வு முடிவு வந்துவிட்டதா, நிலத்தின் பட்டா எவர் பெயரில் நிற்கிறது என்றெல்லாம் அந்த மனிதர் நாளைக்குத் தேட நேரும்போது, அவருடைய வினா எந்த ஸ்தாபனத்திடம் போய்ச் சேரும் என்பது அத்தீர்மானங்களுள் ஒன்று. அதைச் செய்தவர் விவசாயி அல்லர். கருவி ஆலையை விட்டுப் புறப்படுமுன்பே அது செய்யப்பட்டிருக்கும், அல்லது அந்தத் திரைகளுள் ஒன்றில் இளைஞரே ஒரு தொடுதலில் செய்திருப்பார்.

ஜனங்கள் கூகுளை விட்டு வேறொரு தேடுபொறிக்கு மாறுவது ஏன் அபூர்வமாக இருக்கிறது என்று கேட்டால், படித்தவர்களிடமிருந்து வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. மனிதன் சுபாவத்திலேயே சோம்பல் உள்ளவன், இருப்பதை விட்டு நகர விரும்பாதவன் என்பது ஒரு விடை. இருப்பதே மேலானதாக இருக்கையில் மாறுவதற்கு என்ன அவசியம் என்பது மற்றொன்று. இரண்டிலும் சிறிது உண்மை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், இரண்டுமே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனியாமல் விட்டுவிடுகின்றன என்பதும், அப்படி விட்டுவிடுவதனால் பெரு நஷ்டம் அடைகிறவர்கள் தமிழைப் போன்ற மொழிகளில் தேடுகிற சாமானிய மக்களே என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

சோம்பல் என்ற குற்றச்சாட்டை முதலில் பார்ப்போம். எண்ணை மாற்றிக்கொள்ளாமலே தொலைபேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தன் சேவையைத் தொடங்கியபோது, நகரத்தார் மட்டுமன்றிக் கிராமத்தாரும் கடைகளில் வரிசையில் நின்று அந்த சிம் கார்டை வாங்கினார்கள். எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர்கள்கூட எந்த ரீசார்ஜில் எத்தனை நாள், நாளொன்றுக்கு எத்தனை ஜிபி என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்துக்கொண்டு பேசினார்கள். அனுகூலம் கண்ணுக்குத் தெரிந்தால் நம் ஜனங்கள் நொடியில் மாறுவார்கள் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை. ஆகையால், தேடுபொறி விஷயத்தில் மட்டும் அவர்கள் அசையாமல் இருப்பதற்குக் காரணத்தை அவர்களுடைய சுபாவத்தில் தேடுவது நியாயமாகாது. தேடுபொறி என்னும் பொருளின் தன்மையிலேயே அதைத் தேடவேண்டும்.

போன் பேச்சுக்கு விலை உண்டு, சிக்னல் உண்டு. இரண்டும் மோசமானால் அன்றைக்கே தெரிந்துவிடும். தேடுபொறிக்கோ கட்டணம் கிடையாது, மாதக் கடைசியில் வந்து நிற்கிற கணக்குச் சீட்டும் கிடையாது. அதைவிடப் பெரிய சிரமம் வேறொன்று இருக்கிறது. தேடினவுடன் பத்துப் பக்கங்களின் பெயர்கள் திரையில் வந்து விழுகின்றன. ஆனால், வந்திருக்கவேண்டிய பதினோராவது எது, மேலே இருந்திருக்கவேண்டியது ஏன் கீழே போயிற்று, அரசாங்கத்தின் பட்டா–சிட்டாப் பக்கத்துக்கு மேலாக விளம்பரம் என்ற சிறு குறியோடு அமர்ந்திருக்கும் தனியார் பக்கம் அங்கே எப்படி வந்தது என்பதையெல்லாம் அந்தத் திரையைப் பார்த்தே ஒருவர் அறிந்துகொள்ள வழியே இல்லை. கிடைக்காமல் போன விடையை எவரும் காண்பதில்லை. ஒரே வினாவை இரண்டு தேடுபொறிகளில் இட்டு ஒப்பிட்டுப் பார்க்கிற ஒருவருக்கே குறையும் நிறையும் புலப்படும். அப்படி ஒப்பிடவேண்டும் என்ற எண்ணமோ, இரண்டாவது ஒன்று இருக்கிறது என்ற செய்தியே கூடவோ, போனோடு வந்ததைக் கொண்டு காரியம் பார்க்கிறவருக்கு எங்கிருந்து வரும்? பிங், டக்டக்கோ, பிரேவ் என்ற பெயர்கள் நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் ஒருமுறையாவது உச்சரிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டு வைக்கப்பட்ட ஒன்றுக்கு மனித மனம் எவ்வளவு தூரம் இணங்கிப்போகிறது என்பதை வில்லியம் சாமுவேல்சன், ரிச்சர்டு ஜெக்கவுசர் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் 1988-இலேயே விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். அமெரிக்காவுக்குப் போகாமலே நம் நாட்டிலும் இதைக் காணலாம். வருமான வரியில் புதிய முறையே தானாகப் பொருந்தும், பழைய முறை வேண்டுவோர் அதைக் கேட்டுப் பெறவேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ஏற்பாட்டைத் திருப்பி வைத்தது; அதற்கடுத்த ஆண்டு ஜூலை 31-க்குள் தாக்கலான 7.28 கோடிக் கணக்குகளில் 5.27 கோடி, அதாவது நூற்றுக்கு 72, புதிய முறையிலேயே வந்து சேர்ந்தன. புதிய முறையில் பலருக்கு வரி குறைந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக்கூடாது. என்றாலும், எதை முன்னே வைப்பது என்று நிச்சயிக்கிற அதிகாரம் எத்தனை வலியது என்பதை அரசாங்கமும் அறிந்திருக்கிறது, வியாபார ஸ்தாபனங்களும் அறிந்திருக்கின்றன.

எவ்வளவு நன்றாக அறிந்திருக்கின்றன என்பது, கூகுளின் தேடல் ஆதிக்கம் பற்றிய வழக்கில் 2024 ஆகஸ்ட் 5 அன்று வாஷிங்டனில் நீதிபதி அமித் மேத்தா வழங்கிய தீர்ப்பிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. ஆப்பிள், சாம்சங், மொசில்லா முதலிய நிறுவனங்களின் கருவிகளிலும் பிரவுசர்களிலும் தன்னுடைய தேடுபொறியே முதலில் நிற்கவேண்டும் என்பதற்காக, கூகுள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 2 லட்சம் கோடி ரூபாய். ஜனங்கள் தாமாகவே தேடிவந்து தன்னைத்தான் ஏற்பார்கள் என்ற நிச்சயம் உள்ள ஒரு ஸ்தாபனம், அந்த இடத்தைக் காத்துக்கொள்ள இத்தனை பெரும் செல்வத்தை ஆண்டுதோறும் ஏன் கொட்டவேண்டும் என்ற கேள்வியை நான் வாசகர்களுடைய விவேகத்துக்கே விட்டுவிடுகிறேன். விண்டோஸ் கணினிகளோடு கூடவே வரும் எட்ஜ் என்ற பிரவுசரில், முன்னே வைக்கப்பட்டிருப்பது மைக்ரோசாப்டின் பிங். அங்கே நடக்கும் தேடல்களில் நூற்றுக்கு 80 பிங்கிலேயே நடக்கின்றன என்பதையும் அதே தீர்ப்பு பதிவு செய்கிறது. மற்ற இடங்களில் ஒதுங்கிக் கிடக்கும் ஒன்று, முன்வரிசையில் வைக்கப்பட்ட ஒரே இடத்தில் அரசாள்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய சாட்சியமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் என் வாதம் நேர்மையானதாகாது. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் மொசில்லா தன் ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் அமெரிக்கப் பயனர்களுக்குக் கூகுளை நீக்கி யாஹூவை முன்னே வைத்தபோது, பலரும் செட்டிங்ஸுக்குள் போய் மீண்டும் கூகுளையே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். 2017 நவம்பரில் மொசில்லாவும் கூகுளிடமே திரும்பியது. அப்படியானால் தரமே வென்றது என்று முடிவு கட்டிவிடலாமா? 2025-இன் தொடக்கத்தில் ஹன்ட் ஆல்காட், மேத்யூ ஜென்ட்ஸ்கோ முதலிய பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இந்த இடத்தில் மிகவும் சிந்திக்கத்தக்கது. கூகுளை உபயோகிப்பவர்களிடம் எது வேண்டும் என்று வெறுமனே கேட்டபோது, பிங்கின் பங்கு நூற்றுக்கு ஒன்றே கால் புள்ளி அளவுகூட உயரவில்லை. ஆனால், பணம் கொடுத்து இரண்டு வாரம் பிங்கில் தேடச் செய்தபோது, பணம் நின்ற பிறகும் நூற்றுக்கு 33 பேர் அதிலேயே இருந்துவிட விரும்பினார்கள். பெயரை மட்டும் கேட்டபோது அறிந்த பெயரைச் சொன்னவர்கள், பழகிப் பார்த்த பிறகு வேறு அபிப்பிராயம் கொண்டார்கள் என்றால், முன்பு அவர்கள் கொண்டிருந்த திருப்தி ஒப்பிட்டுப் பார்த்துப் பெற்ற திருப்தி அன்று என்பது விளங்குகிறது. மாற்றிவைக்கப்பட்டதை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டவர்களும் பலர் என்பதையும் அவ்வாய்வு கண்டது.

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். கூகுளின் தேடல் ஆதிக்கத்தை இந்தியாவில் சட்டத்தின் முன் நிறுத்தியவர்களுள் முதன்மையானது ஒரு சென்னை நிறுவனம் என்பது பலருக்கு நினைவிருக்காது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் அந்த நிறுவனம், தன் பெயரைத் தேடுவோருக்குப் போட்டியாளர்களின் விளம்பரம் காட்டப்படுவதை எதிர்த்து முதலில் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது; பிறகு 2012-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரம் பற்றிய குறையை ஆணையம் ஏற்கவில்லை. ஆயினும், விமானப் பயணம் போன்றவற்றைத் தேடுகையில் தன் சொந்தச் சேவையை முன்னே நிறுத்தியதும், பிற வலைத்தளங்கள் போட்டித் தேடுபொறிகளை வைத்துக்கொள்ளாதபடி ஒப்பந்தத்தில் தடை போட்டதும் முறையல்ல என்று கண்டது.

அதைவிட விசேஷமானது 2022 அக்டோபர் 20 அன்று ஆண்ட்ராய்டு குறித்து வந்த உத்தரவு. 1,337.76 கோடி ரூபாய் அபராதத்தைப் பற்றித்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின. எனக்கோ, புதிய கருவியை முதன்முதலில் இயக்கும்போதே எந்தத் தேடுபொறி வேண்டும் என்று உபயோகிப்பவரைக் கேட்கவேண்டும், பின்னர் மாற்ற விரும்பினால் சுலபமாக மாற்றிக்கொள்ளும்படி இருக்கவேண்டும் என்று ஆணையம் இட்ட கட்டளையே அதன் உயிர்நாடியாகத் தோன்றியது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 19 அன்று தடை விதிக்க மறுத்தது; சில நாட்களிலேயே கூகுள் அத்தகைய தேர்வுத் திரையை இந்தியாவில் கொண்டுவருவதாக அறிவித்தது. மார்ச் 29 அன்று தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பத்துக் கட்டளைகளில் நான்கை நீக்கியபோதும், இந்தக் கட்டளை தப்பி நின்றது.

சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது என்று நாம் நிம்மதி அடைந்திருக்கலாம், அந்தக் கேள்வியை உண்மையில் யார் எதிர்கொள்கிறார் என்பதை யோசியாமல் இருந்தால். ஒரு வீட்டில் ஒரு போனை வாங்கி, பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு திரையையும் நிதானமாகப் படித்து விடையளிக்கிற மனிதர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டளை எழுதப்பட்டிருக்கிறது. கீழ்பென்னாத்தூரிலும் வேட்டவலத்திலும் போனை இயக்கிவைப்பவர் கடைக்காரராகவோ, வெளியூரில் படிக்கிற பேரனாகவோ, பக்கத்து வீட்டுப் பெண்ணாகவோ இருக்கிறார். அவர்கள் எவரும் தீய எண்ணத்தோடு செய்கிறவர்கள் அல்லர். வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருக்கிறார், வேலை சீக்கிரம் முடியவேண்டும், தெரிந்த பெயரைத் தொட்டால் பிரச்சினை வராது. கேள்வி ஒருமுறைதான் கேட்கப்படுகிறது. அந்த ஒருமுறையும் உரியவரிடம் கேட்கப்படுவதில்லை. முகப்பில் இருக்கும் தேடல் பட்டை ஒன்று, பிரவுசரின் மேலே இருக்கும் பட்டை ஒன்று, குரலால் கேட்கும் வழி ஒன்று என்று தேடலுக்குப் பல வாயில்கள் இருப்பதால், பிற்பாடு மாற்ற முயல்கிறவரும் ஒன்றை மாற்றிவிட்டு மற்றவற்றில் பழையபடியே தேடிக்கொண்டிருக்க நேர்கிறது.

தமிழர்களாகிய நாம் இதில் விசேஷமாகக் கவலைகொள்ளவேண்டிய காரணம் ஒன்று உண்டு. தேடுபொறி என்பது தன்னிடம் கேட்கப்படும் கேள்விகளிலிருந்தே கற்றுக்கொள்கிறது. எந்தச் சொல்லை இட்டவர் எந்தப் பக்கத்தைத் திறந்தார், திறந்தவுடன் திரும்பிவந்தாரா, அங்கேயே தங்கினாரா, பிழையாக எழுதியவர் மறுமுறை எப்படித் திருத்தி எழுதினார் என்ற கோடானுகோடிக் குறிப்புகளால்தான் அது நாளுக்கு நாள் கூர்மை அடைகிறது. 13 மாதத்தில் கூகுளுக்குச் சேரும் இத்தகைய குறிப்புகள் பிங்குக்குச் சேர 17 ஆண்டுக்கு மேல் பிடிக்கும் என்று மேலே சொன்ன அமெரிக்கத் தீர்ப்பு கணக்கிடுகிறது. எல்லாத் தேடல்களையும் சேர்த்துப் பார்க்கையிலேயே இந்த இடைவெளி என்றால், ஒரே பெயர்ச்சொல் வேற்றுமை உருபுகளையும் சாரியைகளையும் ஏற்றுப் பல வடிவம் கொள்வதும், பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வெகுதூரம் பிரிந்து நிற்பதும், பலர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதித் தேடுவதுமான நம் மொழியில் அது எவ்வளவு பெரிதாக இருக்கும்! தமிழில் எழும் வினாக்கள் ஏறக்குறைய எல்லாமே ஓரிடத்திலேயே போய்ச் சேர்கின்றன; அதனால் மற்ற எந்தத் தேடுபொறிக்கும் தமிழைக் கற்க வாய்ப்பில்லை; கற்காததால் அதன் தமிழ் விடைகள் மட்டமாக இருக்கின்றன; மட்டமாக இருப்பதால் எவரும் அங்கே போவதில்லை.

கூகுள் தமிழுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2017 ஆகஸ்டில் அது தமிழில் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. எழுத்துக்கூட்டத் தடுமாறுகிற முதியவர்கள்கூடப் போனிடம் பேசியே தேடுகிறார்கள் என்றால், அது மெய்யான உபகாரம். ஆனால், ஒரு மொழியின் அறிவு முழுவதற்கும் வழிகாட்டுகிற ஸ்தானத்தில் ஒரே ஒரு ஸ்தாபனம் இருப்பதும், அதன் வரிசைப்படுத்தும் முறையை அதைத் தவிர வேறு எவரும் அறியாதிருப்பதும், அந்த ஸ்தாபனம் எத்தனை நல்லதாக இருப்பினும், நல்லதல்ல. மத்திய அரசின் நிதியுதவியோடு, பம்பாய் ஐ.ஐ.டி.யின் தலைமையில், தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் சுற்றுலாச் செய்திகளைத் தேடுவதற்காகச் 'சந்தான்' என்ற தேடுபொறி ஒன்று உருவாக்கப்பட்டது. சென்னையின் ஆராய்ச்சியாளர்களும் அதில் உழைத்தார்கள். அது மறக்கப்பட்டது அறிவும் உழைப்பும் இல்லாமையால் அன்று. எந்தப் போனிலும் எந்தத் திரையிலும் அதற்கு இடமே இல்லாதிருந்தது.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து மணிலா விவசாயிக்கு இதைப் போன்ற ஒரு நிலைமை புதிதல்ல. வயலுக்கே வந்து நிற்கிற வியாபாரி சொன்ன விலைக்கு மூட்டையைப் போட்டுவிட்டு, பக்கத்து ஊரில் என்ன விலை போயிற்று என்பதே தெரியாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த வியாபாரியிடமே ஆண்டுதோறும் விற்றதற்குச் சோம்பலும் காரணமன்று, திருப்தியும் காரணமன்று. ஒப்பிட்டுப் பார்க்க ஓரிடம் இல்லை. 1933-இல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தை இயற்றியதும், அதன் வழியாக ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் தோன்றியதும், வியாபாரிகள் பலரும் தங்கள் விலையைத் தனித்தனியே எழுதிக் கொடுக்க, விவசாயி அவற்றைப் பார்த்து, விருப்பமிருந்தால் கொடுக்கவும் இல்லாவிட்டால் மறுக்கவும் ஆனதும், அந்தக் குறையை ஓரளவுக்கேனும் நீக்கத்தான். அங்கே எவரும் விவசாயியைப் பார்த்து உன் சுபாவத்தை மாற்றிக்கொள் என்று உபதேசம் செய்யவில்லை. தேர்ந்தெடுப்பதற்கான இடத்தை அமைத்துக் கொடுத்தார்கள்.

தேடலிலும் அப்படி ஓர் இடத்தை அமைக்கமுடியும். தேர்வுத் திரையைக் கடையில் ஒருமுறை காட்டுவதோடு நிறுத்தாமல், போன் உரியவரின் கைக்கு வந்து சில வாரம் கழிந்த பின்னும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும், அவர் உபயோகிக்கும் மொழியிலேயே காட்டவேண்டும் என்று போட்டி ஆணையம் கட்டளையிடலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் எல்லா வாயில்களும் ஒருசேர மாறவேண்டும். சில நாள் பழகிப் பார்த்துவிட்டு, ஒரே தொடுதலில் பழையதற்குத் திரும்பிக்கொள்ளும் வசதியும் இருக்கவேண்டும். மேலே சொன்ன பரிசோதனை உணர்த்துவது இதையே, கேட்பதைவிடப் பழகவைப்பதே பயன் தருகிறது. மேலே சொன்ன அமெரிக்க வழக்கில் 2025 செப்டம்பர் 2 அன்று வந்த உத்தரவு, கூகுள் தன்னிடம் சேர்ந்த தேடல் குறிப்புகளில் சிலவற்றைத் தகுதியுள்ள போட்டியாளர்களோடு பகிர்ந்துகொள்ளவேண்டும் என்றும், தனக்கே உரிமையாக்கும் ஒப்பந்தங்களைச் செய்யக்கூடாது என்றும் விதித்திருக்கிறது. தனி மனிதரை அடையாளம் காட்டாத வகையில், இந்திய மொழிகளின் தேடல் குறிப்புகளையும் அவ்வாறு பகிரச் செய்யவேண்டும் என்று நம்முடைய ஆணையம் கேட்பதில் என்ன தவறு? தமிழக அரசோ 2011 முதல் மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வாங்கிக் கொடுத்து வந்திருக்கிறது. இத்தனை பெரும் அளவில் வாங்குகிறவர், அவற்றில் எந்தத் தேடுபொறியும் முன்கூட்டி நிச்சயிக்கப்பட்டிருக்கக்கூடாது, மாணவரே முதல் நாளில் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று கொள்முதல் நிபந்தனையிலேயே எழுதிவிடலாம். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், தனியாக ஒரு ரூபாய்ச் செலவும் வேண்டாம்.

இதை அவசரம் என்று நான் கருதுவதற்குக் காரணம், தேடுபொறிகளின் இடத்தில் கேட்டதற்கு நேராக விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது வந்து நிற்பதே. 2025 ஜூலையில் ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டியின் கட்டணச் சேவையை ஓராண்டு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அக்டோபரில் ஜியோ கூகுளின் ஜெமினியைப் பதினெட்டு மாதம் இலவசம் என்றது. நவம்பரில் சாட்ஜிபிடியும் இந்தியர்களுக்கு ஓராண்டு இலவசத்தோடு வந்தது. முதலில் கைக்கு வந்ததே கடைசிவரை நிற்கும் என்பதை அவர்கள் எல்லோரும் அறிந்தே இத்தனை அள்ளிக் கொடுக்கிறார்கள். தேடுபொறியாவது பத்துப் பக்கங்களைக் காட்டி, ஒன்றைத் திறந்து பார்க்கும் வேலையை நமக்கு விட்டுவைத்தது. இவையோ ஒரே விடையைச் சொல்லி முடித்துவிடுகின்றன. எந்தச் செயலியின் விடையைக் கேட்பது என்ற தீர்மானமும் ஆலையிலோ ஒப்பந்தத்திலோ முடிந்துபோவதற்கு முன்பாக, 2022-இல் தேடுபொறிக்காக எழுதிய கட்டளையைப் போட்டி ஆணையம் இவற்றுக்கும் விரித்து எழுதவேண்டும். இம்முறை அதை எழுதும்போது, போனை இயக்கிவைப்பவர் வேறு, உபயோகிப்பவர் வேறு என்பதை நினைவில் வைத்து எழுதவேண்டும்.